பையன் எந்தத் தெரு?

நான் முதலில் வேலை பார்த்த பள்ளியில் மாடிக்கு இரண்டு படிக்கட்டுகள். கிழக்குப் படி மாணவிகளுக்கு, மேற்குப் படி மாணவர்களுக்கு. மழைநாளில் மேற்குப் படியில் தண்ணீர் வழிந்தாலும் பையன்கள் அதில்தான் வழுக்கிக்கொண்டு இறங்க வேண்டும். பெயர்ப்பலகையில் இருபாலர் பள்ளி என்று எழுதியிருந்தோம். சேர்க்கைக்கு வரும் பெற்றோரிடம், "எங்கள் பள்ளியில் பையனும் பெண்ணும் பேசுவதைப் பார்க்கவே முடியாது" என்று பெருமையாகச் சொல்வோம். அதைக் கேட்டவுடன் பாதிப் பேர் பணத்தைக் கட்டிவிடுவார்கள்.

இருபத்து மூன்று ஆண்டுகள் கணக்கு ஆசிரியையாக இருந்துவிட்டேன். ஆணும் பெண்ணும் பழகுவதைக் கண்காணிக்க நாங்கள் கையாண்ட வழிகளை இப்போது நினைத்தால் சிரிப்பும் வருகிறது, கூச்சமும் வருகிறது. வகுப்பில் பேசிய பையனைத் தண்டிக்க மாணவிகள் வரிசையில் உட்கார வைப்போம். பெண்ணுக்குப் பக்கத்தில் உட்காருவது அவமானம் என்று கற்றுக்கொடுத்தது நாங்களேதான். அவனே பிறகு ஒரு பெண்ணிடம் மரியாதையாகப் பேசத் தெரியாமல் நின்றால், "இந்தக் காலத்துப் பையன்கள்" என்று ஓய்வறையில் தலையில் அடித்துக்கொள்வோம். இரண்டு பேர் சேர்ந்து நடந்தால் "அண்ணா என்று கூப்பிடு" என்று எல்லார் முன்னாலும் சொல்ல வைத்த ஆசிரியர்களும் உண்டு. அண்ணன் தம்பி, காதலன் இரண்டைத் தவிர மூன்றாவதாக ஓர் உறவு இருக்கலாம் என்பது எங்களுக்குத் தோன்றவே இல்லை.

இதுவரை சொன்னதெல்லாம் வேடிக்கைக் கணக்கு. என்னை இதை எழுத வைத்தது வேறு.

பதினொன்றாம் வகுப்பில் ஒரு பெண்ணும் ஒரு பையனும் ரெக்கார்டு நோட்டை மாற்றிக்கொள்வார்கள். மதியம் புங்கமரத்தடியில் சில நிமிடங்கள் பேசுவார்கள். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். ஓய்வறையில் பேச்சு கிளம்பியது. வகுப்பாசிரியை நான்தான், "நாளைக்கு ஏதாவது ஆனால் உங்களைத்தான் கேட்பார்கள்" என்றார்கள். பயந்துபோய்ப் பெண்ணின் தந்தையைத் தொலைபேசியில் அழைத்து, "கொஞ்சம் கவனித்துக்கொள்ளுங்கள்" என்றேன். அவர் கோபப்படவே இல்லை. அமைதியாக ஒன்றே ஒன்று கேட்டார்: "பையன் எந்தத் தெரு, டீச்சர்?"

எங்கள் பக்கத்தில் தெருவைக் கேட்பது சாதியைக் கேட்பதுதான். எனக்கு அது தெரியாதா? தெரியும். சொன்னேன்.

திங்கட்கிழமை அவள் வரவில்லை. இரண்டு வாரம் கழித்து மாமா என்று ஒருவர் வந்து டி.சி. வாங்கிக்கொண்டு போனார். வேறு பள்ளி எதிலும் அவளைச் சேர்க்கவில்லை என்று பிறகு தெரிந்தது. பையன் அதே பெஞ்சில் உட்கார்ந்து பிளஸ் டூ எழுதித் தேறினான். அவனைக் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. ஒரே தொலைபேசி அழைப்பு இரண்டு வீட்டில் இரண்டு விதமாக இறங்கும் என்பதைத்தான் சொல்கிறேன்.

"போக்சோ இருக்கிறதே, சும்மா இருக்க முடியுமா?" என்று இளம் ஆசிரியர்கள் கேட்கிறார்கள். நியாயமான பயம். 2012ஆம் ஆண்டு வந்த அந்தச் சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி, குழந்தைக்கு எதிரான பாலியல் குற்றம் பற்றித் தெரிந்தவர் புகார் தர வேண்டும். தராவிட்டால் தண்டனை உண்டு. ரெக்கார்டு நோட்டு கைமாறுவது அதில் எங்கே வருகிறது? பதின்பருவத்தினரின் காதலைக் குற்றமாக்குவது அந்தச் சட்டத்தின் நோக்கமில்லை என்று சென்னை உயர் நீதிமன்றமே 2021 ஜனவரியில் ஒரு தீர்ப்பில் சொல்லியிருக்கிறது. அப்படியென்றால் நட்புக்கு என்ன?

உண்மையான ஆபத்து வேறு மாதிரி வரும். புகைப்படத்தை வைத்து ஒருவன் மிரட்டுவான். வயதில் மூத்த ஒருவர் பின்தொடர்வார். சில நேரம் அவர் நம் ஓய்வறையிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். அப்போது குழந்தைகள் உதவி எண்ணான 1098க்கோ காவல் நிலையத்துக்கோ சொல்லியே ஆக வேண்டும். ஆனால் அது நமக்குத் தெரிய வேண்டுமானால் அந்தப் பிள்ளை நம்மிடம் வந்து வாயைத் திறக்க வேண்டும். மரத்தடியில் பேசியதற்கே வீட்டுக்குப் போன் போட்ட டீச்சரிடம் எந்தப் பெண் வந்து சொல்வாள்? கண்காணிப்பு கூடக்கூட நமக்குத் தெரியவேண்டியவை குறைந்துகொண்டே போனதைத்தான் நான் பார்த்தேன்.

பிந்திய ஆண்டுகளில் என் வகுப்பில் சீட்டு குலுக்கி, பையன்களும் பெண்களும் கலந்து நான்கு நான்கு பேராகக் கணக்குப் போட வைத்தேன். முதல் வாரம் ஒரே கேலியும் நெளிவும். ஆகஸ்டு வருவதற்குள் வரைபடத்தாள் யார் வாங்குவது என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஓய்வு பெறுவதற்குச் சில மாதம் முன்பு மறுபடியும் அப்படி ஒரு பேச்சு கிளம்பியது. இந்த முறை முதலில் அந்தப் பெண்ணைத்தான் கூப்பிட்டுக் கேட்டேன். வீட்டில் யாரிடமாவது பேச வேண்டுமென்றால் யாரிடம் பேசட்டும் என்றேன். நெடுநேரம் யோசித்து, "சித்தியிடம் பேசுங்கள் டீச்சர், அப்பாவிடம் வேண்டாம்" என்றாள். சித்தி வந்தார். வயலிலிருந்து நேராக வந்திருந்தார். ஒரு மணி நேரம் பேசினோம். படிப்பை நிறுத்த மாட்டேன் என்று என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். வாசல் வரை போனவர் திரும்பி நின்று, "பையன் எந்தத் தெரு?" என்றார்.

தெரியாது என்று பொய் சொன்னேன்.