கார்பிரிட்ஜ் பாலம்: சுவர் இல்லாமல் கட்டப்பட்டதல்ல

ஸ்காட்லாந்தின் கார்பிரிட்ஜ் கல்பாலத்தை, பொதிக்குதிரைகளின் மூட்டைகள் உரசாதிருக்கவே கைப்பிடிச் சுவரில்லாமல் கட்டினார்கள் என்று சிலர் சொல்கிறார்கள். அத்தகைய பாலங்களில் சுவர் தாழ்வாக இருப்பது வழக்கம்தான், சரி. ஆனால் இந்தப் பாலத்துக்கு அது பொருந்தாது. டல்னேன் ஆற்றின் மேல் 1717-இல் கட்டியபோது இதற்குக் கைப்பிடிச் சுவர்களும் பக்கச்சுவர்களும் இருந்தன. வெள்ளங்களில், முக்கியமாக 1829 பெருவெள்ளத்தில், அவை சிதைந்துபோயின. இன்று நிற்பது வெறும் வளைவு. (அந்த எலும்புக்கூட்டைத்தான் எல்லோரும் படம் எடுக்கிறார்கள்!)

ஸ்காட்லாந்தின் தொன்மச் சின்னங்களைக் கவனிக்கும் ‘ஹிஸ்டாரிக் என்விரான்மென்ட் ஸ்காட்லாந்து’ அமைப்பின் பாதுகாக்கப்பட்ட கட்டடப் பட்டியல் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது; ஊர்ப்பெயரைத் தேடிப் படித்துப் பாருங்கள். அப்புறம் ஒரு நெருக்கமான படத்தில் வளைவின் இரு முனைகளையும் கவனியுங்கள். கட்டுமானம் பிய்ந்து நிற்பது தெரியும்.