ஃப்ரெட்டைப் பிடுங்கும் முன்

ஃப்ரெட் இல்லாத (ஃப்ரெட்லெஸ்) பேஸ் கிட்டாரால் பேர்பெற்ற ஜாக்கோ பாஸ்டோரியஸைக் கேட்ட சூட்டோடு பேஸ் வாசிக்கிறவர்களுக்கு ஒரு ஆசை வரும்: கழுத்துப் பலகையில் குறுக்கே பதித்த உலோகப் பட்டைகளான ஃப்ரெட்டை எல்லாம் பிடுங்கிவிட வேண்டும். தயவுசெய்து கொஞ்சம் பொறுங்கள். அந்தச் சத்தத்தில் பெரும்பங்கு வலது கையில் இருக்கிறது. ஃப்ரெட் உள்ள பேஸிலேயே அதைப் பழகலாம்.

1976-இல் வந்த அவருடைய முதல் ஆல்பத்தைப் போடுங்கள். தொடக்கமே 'டோனா லீ'. பீபாப் (1940களின் வேகமான ஜாஸ்) காலத்து மெட்டு; பேஸும் டான் அலையாஸின் காங்கா மேளமும் மட்டும்தான். வேகத்தைப் பிறகு பார்க்கலாம். ஒவ்வொரு ஸ்வரமும் எங்கே நிற்கிறது என்று கேளுங்கள். அவ்வளவு ஓட்டத்திலும் ஒன்றின் வால் அடுத்ததன் மேல் படுவதில்லை.

ஃபெண்டரின் ஜாஸ் பேஸ் மாடல் வைத்திருந்தால் பின் பிக்கப்பை (கம்பியின் அதிர்வை மின் ஒலியாக்கும் பாகம்) முழுக்கத் திறந்து, முன் பிக்கப்பை நன்றாகக் குறையுங்கள். கட்டைவிரலைப் பின் பிக்கப் மேல் வைத்து, அதற்கும் பிரிட்ஜுக்கும் (உடல் பக்கம் கம்பியைத் தாங்கும் பாகம்) இடையில் மீட்டுங்கள். அங்கே கம்பி விறைப்பாக இருக்கும். அடி ஒலி குறைந்து நடு அலைவரிசை உறுமும். முன் பிக்கப்பை முழுதாக மூடினால் ஒற்றைச் சுருள் (சிங்கிள் காயில்) பிக்கப்பின் இரைச்சல் வரும். அது பழுது இல்லை. இரண்டு பிக்கப்பும் சம அளவில் திறந்திருக்கும்போது ஒன்றின் இரைச்சலை மற்றொன்று அடக்கிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான்.

அடுத்தது, மீட்டாத கம்பிகளின் சத்தத்தை அடக்குவது. பேஸின் கம்பிகள் தடித்ததிலிருந்து ஈ, ஏ, டி, ஜி. டி கம்பிக்கு விரல் போகும்போது கட்டைவிரல் கீழிறங்கி ஈ, ஏ கம்பிகளைத் தொட்டு நிற்க வேண்டும். இடது கையில் சும்மா இருக்கும் விரல்கள் கம்பி மேல் படுத்திருக்க வேண்டும். சுருதி இல்லாமல் 'டக்' என்று மட்டும் கேட்கும் கோஸ்ட் நோட்டும் இதே வேலைதான்: இடது கை அழுத்தாமல் தொடும், வலது கை வழக்கம்போல மீட்டும். மெட்ரோனோமை 60-இல் வைத்து, ஒரு தட்டுக்கு நான்காக ஒரே ஸ்வரத்தை வாசியுங்கள். இரண்டாவதையும் நான்காவதையும் கோஸ்ட் ஆக்குங்கள். பெரும்பாலும் கோஸ்ட் மட்டும் சத்தம் குறைந்து தாளம் நொண்டும். மீட்டும் இரண்டு விரலின் விசையும் சமமாகும்வரை வேகம் கூட்டாதீர்கள்.

இதெல்லாம் வந்த பிறகும் ஃப்ரெட்லெஸ்தான் வேண்டுமென்றால், சரி. ஃப்ரெட் போனதும் கம்பிக்கும் பலகைக்கும் இடைவெளி சுமார் ஒரு மில்லிமீட்டர் கூடும். பிரிட்ஜில் கம்பி உட்காரும் சேடிலை இறக்கினால் மட்டும் போதாது, நட்டின் (கழுத்து முனையில் கம்பி தங்கும் துண்டு) பள்ளங்களையும் ஆழப்படுத்த வேண்டும். ஃப்ரெட் இருந்த வெட்டுகளில் மெல்லிய மரத்தகட்டை இறுக்கமாக ஒட்டுங்கள். காலியாகவோ மென்மையான புட்டியோடோ விட்டால் கம்பியின் இழுவையில் கழுத்து முன்னால் வளையும். ஜாக்கோவின் 1962 ஃபெண்டர் ஜாஸ் பேஸில் படகுக்குப் பூசும் எபாக்ஸி (கெட்டியாக இறுகும் பிசின்) இருந்ததற்குக் காரணம் உண்டு: அவர் போட்டது ரோட்டோசவுண்ட் நிறுவனத்தின் ரவுண்ட்வவுண்ட் (மேல் சுற்று சொரசொரப்பான) கம்பி. பூச்சில்லாத ரோஸ்வுட் மரப்பலகையை அது அரம்போல அராவிவிடும். விரலையும் மாற்றி வைக்க வேண்டும். ஃப்ரெட்டுக்குச் சற்றுப் பின்னால் அழுத்திப் பழகிய கை, ஃப்ரெட் இருந்த இடத்துக் கோட்டுக்குப் பின்னாலேயே நின்று சுருதியைக் குறைத்துவிடும். இங்கே கோட்டின் மேலேயே அழுத்துங்கள்.

ஜாக்கோவின் 'போர்ட்ரெய்ட் ஆஃப் ட்ரேசி'யில் வரும் ஹார்மோனிக்ஸுக்கு (கம்பியை அழுத்தாமல் லேசாகத் தொட்டு எடுக்கும் மணியோசை) ஃப்ரெட்லெஸ் கட்டாயமே இல்லை. ஜி கம்பியில் நான்காவது ஃப்ரெட்டுக்கு மயிரிழை பின்னால் தொட்டால் பி ஸ்வரம் கிடைக்கும். மூன்றாவதைச் சற்றுத் தாண்டித் தொட்டால் டி. சரியாக ஃப்ரெட் மேலேயே தேடுவதால்தான் பலருக்கு இவை மழுங்குகின்றன.

யெஸ் என்ற ராக் குழுவின் பேஸ் வாசிப்பாளர் கிறிஸ் ஸ்குவயரைக் கேட்டுவிட்டு அவர் வாசித்த ரிக்கன்பேக்கர் பேஸுக்குக் காசு சேர்ப்பதும் இதே அவசரம்தான். 1971-இன் 'ரவுண்டபவுட்'டில் அதிரும் அந்தக் கம்பீரத்துக்கு முதல் காரணம் பிக் (கம்பியை மீட்டும் சிறு தகடு). பிக் பட்ட உடனே கட்டைவிரல் சதையும் கம்பியை உரசும்; மேல் ஹார்மோனிக்ஸ் சீறும். இரண்டாவது, ட்ரெபிள் (கூர்மையான ஒலி தரும்) பிக்கப்பின் ஒலியைத் தனியாகப் பிரித்து டிஸ்டார்ஷன் (கரகரப்பு) ஏற்றியது. அடி ஒலி சுத்தமாகவே நின்றது. முழு ஒலியையும் சேர்த்து டிஸ்டார்ஷனில் விட்டால் தாழ்ந்த ஸ்வரங்கள் கூழாகிவிடும். இன்று யாரும் வீட்டிலேயே செய்யலாம்: ஒலியை இரண்டாகப் பிரித்து, சுமார் 250 ஹெர்ட்ஸுக்குக் கீழே சுத்தமாக விட்டு, மேலே மட்டும் டிஸ்டார்ஷன் போடுங்கள். சேர்க்கும்போது அடி மெலிந்தால் ஒரு பக்கத்தின் ஃபேஸை (ஒலி அலையின் ஏற்ற இறக்கத்தை) தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள்.