தேசியப் பதிவேட்டுச் சான்றிதழ் பணி உரிமம் ஆகாது

அமெரிக்காவில் அவசர மருத்துவப் பணியாளர்களுக்கான தேசியப் பதிவேட்டின் தேர்வில் தேறினால் அந்நாட்டின் எந்த மாநிலத்திலும் ஆம்புலன்ஸில் பணியாற்றலாம் என்று வாட்ஸ்அப்பில் பரவும் செய்தி தவறானது. 1970இல் தொடங்கப்பட்ட அந்தப் பதிவேடு அரசு அமைப்பன்று. தொடக்கநிலைத் தகுதிக்குச் சான்றளிப்பதே அதன் வேலை. பணி உரிமம் வழங்குவதும், எந்தெந்தச் சிகிச்சைகளை அளிக்கலாம் என்று வரையறுப்பதும், தவறிழைத்தவரின் உரிமத்தைப் பறிப்பதும் மாநிலங்களின் அதிகாரம்.

கணினியில் நடக்கும் இத்தேர்வு 70ஆம் கேள்வியோடு நின்றுவிட்டால் தேர்ச்சி உறுதி என்றும் அச்செய்தி சொல்கிறது. மாணவர்களை அதிகம் ஏமாற்றுவது, என் பார்வையில், இதுதான். முந்தைய விடைகளுக்கேற்ப அடுத்த கேள்வியின் கடினத்தை மாற்றிக்கொண்டே செல்லும் அத்தேர்வு, தேர்வர் தேறுவாரா மாட்டாரா என்பது கணக்கில் தெளிவானவுடன் நின்றுவிடும் என்பதால், சீக்கிரம் நின்றது தோல்வியாகவும் இருக்கலாம்.