அதை எடைக்குப் போடச் சொன்னவர்களுக்கு

வெள்ளிக்கிழமை என் பதிவில் நான் போட்ட பித்தளைக் குண்டான் படத்துக்குக் கீழே நடந்த கூத்தை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். இரண்டு நாள் பேசாமல் இருந்தேன். இனி முடியாது.

நான் கேட்டது ஒரே ஒரு கேள்வி. திருச்சிப் பக்கத்தில் பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவர் யாராவது இருக்கிறாரா? அவ்வளவுதான். அந்தக் காலம் பொற்காலம் என்று எழுதினேனா? ஆட்டுக்கல்லைக் கட்டிக்கொண்டு அழுதேனா? ஓர் ஆளின் விலாசம் கேட்டேன். வந்த பதில், "ஐயா, எடைக்குப் போட்டுவிட்டு நல்ல குக்கராக ஒன்று வாங்குங்கள்." அதற்கு 41 சிரிப்புக் குறிகள். யார் யார் அழுத்தினார்கள் என்று பெயரோடு தெரியும் என்பது பலருக்குத் தெரியாது போலிருக்கிறது. நான் பார்த்தேன்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பித்தளையில் புளி பட்டால் களிம்பு ஏறும், குழம்பு கெட்டுப்போகும். அதனால் உட்புறம் ஈயம் பூசுவார்கள். எங்கள் தெருவுக்கு வருஷத்துக்கு இரண்டு முறை ஒருவர் வருவார். வேப்பமரத்தடியில் குழி தோண்டி, துருத்தியின் மூக்கைப் புதைத்துக் கரியை மூட்டுவார். பெரிய அண்டா என்றால் அதற்குள்ளேயே இறங்கி நின்று, காலடியில் மணலையும் சாக்கையும் போட்டு, இடுப்பைத் திருகித் திருகித் தேய்ப்பார். நாங்கள் சுற்றி நின்று சிரிப்போம். (ஆம், நானும் சிரித்தவன்தான்.) பாத்திரம் காய்ந்ததும் நவச்சாரம் என்கிற உப்பைத் தூவுவார். குப்பென்று வெள்ளைப் புகை. ஈயத்தால் ஓர் இழுப்பு, பஞ்சால் ஒரு துடைப்பு. கறுத்துக் கிடந்த வயிறு வெள்ளியாகிவிடும். 232 டிகிரியில் உருகுகிற உலோகமும் ஒரு கைப்பிடிப் பஞ்சும் போதும், பாத்திரம் இன்னும் சில மாதங்களுக்குப் புதியது.

"ஈயம் விஷமாயிற்றே" என்று ஒரு மேதை எழுதியிருந்தார். பூசுவது வெள்ளீயம் (டின்). விஷம் காரீயம் (லெட்). பெயரில் பாதி ஒன்று என்பதால் உறவு ஆகிவிடாது. மலிவுக்காகக் காரீயத்தைக் கலந்து பூசும் ஏமாற்று வேலை உண்டு, ஆபத்தானது, ஒப்புக்கொள்கிறேன். அதனால்தானே நம்பிக்கையான ஆள் வேண்டும் என்று கேட்டேன்! கறுப்புப் பூச்சு செதில் செதிலாக உரிந்த தவாவில் தினமும் தோசை வார்க்கிறவர்கள் எனக்கு விஷப்பாடம் எடுக்க வேண்டாம்.

என் வாதம் மிக எளிது. எந்தப் பொருளும் வீட்டை விட்டுத் தானாகப் போவதில்லை. முதலில் அதன் உதிரி கடையில் கிடைக்காமல் போகிறது. பிறகு அதைப் பழுது பார்க்கிறவர் வேறு வேலைக்குப் போகிறார். கடைசியில் நம்மைப் பார்த்து "இன்னுமா இதை வைத்திருக்கிறீர்கள்?" என்கிறார்கள். எங்கள் வீட்டு மண்ணெண்ணெய்ப் பம்ப் ஸ்டவ் உடைந்தா போனது? அதன் வயிறு கனத்த பித்தளை, இன்றைக்கும் பரணில் குத்துக்கல்லாக இருக்கிறது. போனது அதன் தோல் வாஷர். தேங்காய் எண்ணெயில் ஊறவைத்துப் போட்டால் மறுபடி காற்று பிடிக்கும் அந்தச் சில்லறை வாஷர் ஒரு நாள் கடையில் இல்லை. அடைப்பெடுக்கக் குத்துகிற ஊசியும் இல்லை. ஸ்டவ் பழசாகிவிட்டது என்று தீர்ப்பு. குடைக்குக் கம்பி மாற்றுகிறவர், பிரம்பு நாற்காலி பின்னுகிறவர், அம்மி கொத்துகிறவர் எல்லோருக்கும் இதே கதைதான்.

"மிக்ஸி வந்ததால் அம்மி போனது, நல்லதுதானே?" நல்லதுதான். மறுக்கவே இல்லை. 2011இல் தமிழக அரசு மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி மூன்றையும் விலையில்லாமல் கொடுத்தபோது அம்மியை முதுகுவலியோடு தள்ளிக்கொண்டிருந்த எத்தனையோ பெண்கள் நிமிர்ந்தார்கள். ஆனால் நான் மிக்ஸியை எதிர்க்கிறேன் என்று யார் சொன்னது? என் மிக்ஸியின் சின்ன ஜார் விரிசல் விட்டுப் போன மாதம் கடைக்குப் போனேன். "இந்த மாடலுக்கு இப்போது ஜார் வருவதில்லை சார், புதுசாக எடுத்துக்கொள்ளுங்கள்." வாங்கி ஆறு வருஷம் ஆகிறது. மோட்டார் சிங்கம்போல் உறுமுகிறது. அதையும் எடைக்குப் போட வேண்டுமா? என் முழங்கால் தேய்ந்துவிட்டது என்று காட்டப் போனால், மாற்றுவதற்கு மூட்டு இருக்கிறது என்கிறார் டாக்டர். அறுபத்தைந்து வருஷத்து மாடலுக்கு உதிரி கிடைக்கிறது, ஆறு வருஷத்து மிக்ஸிக்குக் கிடைக்கவில்லை.

என் மனைவி கேட்டாள், "அந்தக் குண்டானைப் புளி போட்டுத் தேய்த்தது யார்? நீங்களா?" என்று. நியாயமான கேள்வி. அடுத்த விஷயத்துக்கு வருகிறேன்.

பழம்பெருமை பேசுகிறேனாம். மஞ்சப்பையோடு பஸ் ஏறினால் பட்டிக்காட்டான் என்று சிரித்த ஊர்தானே இது? 2019இல் ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் பிளாஸ்டிக்கைத் தடை செய்து, 2021 டிசம்பரில் அரசே ‘மீண்டும் மஞ்சப்பை’ என்று இயக்கம் தொடங்கியதும் எல்லோரும் கையில் பிடித்துப் படம் போட்டீர்கள். 2022 டிசம்பரில் மத்திய அரசு பழுது பார்க்கும் உரிமைக்கென்றே ஓர் இணையதளம் தொடங்கியது. அரசாங்கமும் பழம்பெருமையா பேசுகிறது? அரசு சொன்னால் விழிப்புணர்வு, நான் கேட்டால் "பெரியவருக்குப் பொழுது போகவில்லை". அப்படியும் ஒருவர் எழுதியிருந்தார். பொழுது எனக்கு நன்றாகவே போகிறது, தம்பி.

அந்தக் குண்டான் என் அம்மாவின் கல்யாணத்துக்கு வந்த சீர். விளிம்பில் அவள் பெயரும் 1957 என்ற வருஷமும் வெட்டியிருக்கின்றன. பெயர் வெட்டிய பாத்திரத்தை எடைக்குப் போடுவதென்றால் தராசில் எதை வைப்பது? இதை அந்தப் பதிவிலேயே எழுதியிருக்கலாம். எழுதவில்லை. விலாசம் கேட்கிற இடத்தில் அம்மாவை எதற்கு இழுப்பது என்று விட்டுவிட்டேன். இப்போது நீங்கள் இழுக்க வைத்துவிட்டீர்கள்.

அந்த 41 சிரிப்புக் குறிகளில் ஒன்று பெங்களூரிலிருந்து எங்கள் வீட்டுப் பையனே அழுத்தியது. அவனுக்குக் காது குத்திய அன்று ஐம்பது பேருக்குச் சாம்பார் கொதித்தது இந்தக் குண்டானில்தான். விளையாட்டாக அழுத்திவிட்டானாம், நேற்று போனில் சொன்னான். சரி என்றேன்.

கும்பகோணத்தில் ஒரு பாத்திரக் கடைச் சந்தில் ஒருவர் இன்னும் பூசுகிறார் என்று ஒரு தங்கை உள்பெட்டியில் எழுதியிருக்கிறாள். கேட்ட கேள்விக்கு வந்த ஒரே பதில். காலை வேளையில் மட்டும்தான் இருப்பாராம். செவ்வாய்க்கிழமை முதல் பஸ்ஸில் போகிறேன். குண்டானுக்கு லக்கேஜ் டிக்கெட் கேட்டால் அதையும் வாங்கிக்கொள்கிறேன்.