வரைவை முன்கூட்டியே காட்டுங்கள்

பல்கலைக்கழகத்தில் புதிய கொள்கை எப்படி உருவாகிறது என்ற உங்கள் கட்டுரையைப் படித்தேன். பாடத்திட்டக் குழு, கல்விக்குழு, கடைசியில் ஒப்புதல் தரும் ஆட்சிக்குழு (சிண்டிகேட்) என்று அது கடந்து போகும் படிகளைக் கட்டுரையாளர் சரியாகவே சொல்லியிருக்கிறார். ஆனால் ஆட்சிக்குழுவின் ஒப்புதல்தான் முக்கியக் கட்டம் என்று அவர் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. அங்கே போவதற்குள் எல்லாம் முடிந்துவிடுகிறது. நாலைந்து பேர் கொண்ட துணைக்குழு வரைவை எழுதும்போதே யாருக்கு லாபம், யாருக்குச் சிரமம் என்பது முடிவாகிவிடும். ஒப்புதலுக்கு வரும் நாளில் உறுப்பினர்கள் கையில் ஒரு தடித்த கோப்பு இருக்கும், சில தீர்மானங்கள் அன்றுதான் மேசைக்கே வரும். எதைப் படித்துவிட்டு விவாதிப்பது?

பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) 2025 ஜனவரியில் துணைவேந்தர் நியமனம் தொடர்பான வரைவு விதிகளை வெளியிட்டுப் பொதுமக்களிடம் கருத்துக் கேட்டது. அந்த விதிகளை நான் கடுமையாக எதிர்க்கிறேன், நம் சட்டமன்றமும் எதிர்த்துத் தீர்மானம் போட்டது. ஆனால் அப்படி எதிர்க்க முடிந்ததே வரைவு முன்கூட்டியே கண்ணில் பட்டதால்தான்!

நான் ஆய்வு மாணவராக இருந்த இடத்தில், ஆய்வேடு சமர்ப்பிக்கும் விதி மாறியது சுற்றறிக்கை ஒட்டிய பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. வேலை பார்த்துக்கொண்டே பகுதிநேரமாக ஆய்வு செய்தவர்கள்தான் அதிகம் தவித்தார்கள். அவர்களில் ஒருவரையாவது முன்பே கேட்டிருக்கலாம்.

1857இல் தொடங்கிய சென்னைப் பல்கலைக்கழகத்தில் இணைந்த கல்லூரிகள் செங்கல்பட்டு, திருவள்ளூர் வரை பரவிக் கிடக்கின்றன. அங்கே படிக்கும் பிள்ளைகள் சேப்பாக்கத்தில் உள்ள பல்கலைக்கழக வளாகத்துக்கு வந்து விசாரிக்க முடியுமா? வரைவைத் தமிழிலும் இணையத்தில் போட்டு, ஒரு மாதம் அவகாசம் கொடுங்கள். வந்த கருத்துகளில் எதை ஏற்றீர்கள், எதை ஏன் விட்டீர்கள் என்பதையும் கூட்டக் குறிப்போடு சேர்த்து வெளியிடுங்கள்.