அந்தப் புரதத்துக்கு வழி தெரியுமா?

குடும்ப வாட்ஸ்அப் குழுவில் காலை வணக்கத்தோடு ஒரு வீடியோ. இரண்டு கால் உள்ள ஏதோ ஒன்று, தன்னைவிடப் பல மடங்கு பெரிய மூட்டையைத் தூக்கிக்கொண்டு கம்பிமேல் அசைந்தாடி நடக்கிறது. கீழே, ‘உங்கள் மூளைக்குள் மகிழ்ச்சி நடந்து வரும் காட்சி’ என்று எழுதியிருந்தது. அதற்கு நாற்பது கும்பிடு.

அது மகிழ்ச்சியும் இல்லை, கேமராவில் எடுத்ததும் இல்லை. 2006-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்துக்காக உருவாக்கிய செல் அனிமேஷனில் ஒரு துண்டு. நடப்பது செல்லுக்குள் சுமை தூக்கிச் செல்லும் கைனசின் என்ற புரதம். ஓர் அடிக்கு 8 நானோமீட்டர். ஒரு தலைமுடியின் தடிமனைக் கடக்கவே சுமார் 10,000 அடி வைக்க வேண்டும். இதைக் குழுவில் எழுதினேன். ஒரு கும்பிடும் விழவில்லை. அம்மான் ஒருவர் மட்டும், ‘காலையிலேயே ஏனப்பா?’ என்றார்.

ஒன்பதாவது படிக்கும் மகள்தான் உருப்படியாகக் கேட்டாள்: “அப்பச்சி, அதற்குப் போகிற வழி தெரியுமா?”

தெரியாது. வீடியோவில் செல் காலி மைதானம்போல இருக்கிறது. உண்மையில் நீர் மூலக்கூறுகளும் பிற புரதங்களும் ஓயாமல் இடித்துக்கொண்டே இருக்கும். தூக்கிய கால் அந்த இடியில் அங்குமிங்கும் அலைந்து, பிடி கிடைத்த இடத்தில் ஒட்டிக்கொள்ளும். சில சமயம் பின்னாலும் போய்விடும். கால்கள் மாறி மாறி ஒட்டுவதும் விடுவதுமான முறையாலும், அடிக்கு ஒன்றாகச் செலவாகும் ஏடிபி என்ற எரிபொருள் மூலக்கூறாலும்தான் மொத்தத்தில் முன்னே நகர்கிறது.

போன வைகாசியில் கானாடுகாத்தானில் ஒரு கல்யாணம். தாம்பாளத்தோடு வளவைக் கடந்துபோகச் சொல்லி அவளை அனுப்பினோம். பந்திக்குப் போகிறவர்களும் வருகிறவர்களும் இடித்தார்கள்; ஆத்தங்குடிக் கல்லில் சிந்தியிருந்த தண்ணீரில் கால் வழுக்கியது; தூணைப் பிடித்து நின்றாள். “அங்கே உன் கண்ணையும் கட்டிவிட்டிருந்தால், அதுதான் கைனசின்” என்றேன்.

கூட்டத்தை நீக்கிவிட்டு வரைந்ததைக் குற்றம் சொல்லமாட்டேன். எல்லாவற்றையும் வரைந்தால் ஒன்றும் தெரியாது. அதே பல்கலைக்கழகம் பின்னர் நெரிசலைக் காட்டும் படமும் வெளியிட்டது. அது எந்தக் காலை வணக்கத்திலும் வருவதில்லை. என் கோபம், அழகான படத்தை எடுத்து, ‘தன் கடமையை உணர்ந்து நடக்கும் புரதம்’ என்று குரல் கொடுப்பவர்கள்மேல்தான். புரதத்துக்கு ஏது ஐயா கடமை? ‘புரிவதற்காகக் கூட்டத்தை நீக்கியிருக்கிறோம்’ என்று ஒரு வரி சொன்னால் பார்ப்பவர்கள் குறைந்துவிடுவார்களா?

சிக்ரி என்ற மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிற காரைக்குடிக்காரர்கள் நாம். பேட்டரி வீடியோக்களையும் பாருங்கள்: அயனிகள் பள்ளிக்கூடப் பிள்ளைகள்போல வரிசையாகப் போகும். அவையும் முட்டிமோதித்தான் போகின்றன.

மகள் அந்த வீடியோவை மறுபடி ஓடவிட்டு, கைப்பேசியைக் கடகடவென்று குலுக்கினாள்.

“இப்போது சரியா, அப்பச்சி?”

முன்பைவிடச் சரிதான்.