வயலுக்குப் பக்கத்தில் வாழ்பவர் ஏன் தேடி வாங்குகிறார்?

இயற்கை முறையில் விளைந்த காய்கறியையும், திறந்தவெளியில் திரிந்து வளர்ந்த கோழியின் முட்டையையும் கூடுதல் விலை கொடுத்து வாங்குவது வசதியுள்ள நகரவாசிகளின் நாகரிகம் என்று பலர் சொல்லிவருவது எனக்கு வருத்தம் தருகிறது. கிராமப்புற மக்களும் அவற்றைத் தேடி வாங்குகிறார்கள்; அவர்களுடைய காரணம் இன்னும் வலுவானது என்பது என் கருத்து.

நகரத்தில் இருப்பவருக்குப் பூச்சிக்கொல்லி என்பது காயின் தோலில் ஒட்டியிருக்கக்கூடிய எச்சம். கிராமத்தில் இருப்பவருக்கோ அது பக்கத்து வயலில் மருந்தடிக்கும்போது காற்றோடு வீட்டுக்குள் நுழையும் நெடி. உரமும் அப்படித்தான். பயிர் எடுத்துக்கொண்டது போக உரத்திலிருந்து எஞ்சும் நைட்ரேட் என்ற உப்பு, மழைநீரோடு மண்ணுக்குள் இறங்கி நிலத்தடி நீரில் கலக்கிறது. குடிநீரில் அது லிட்டருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் வழிகாட்டுகிறது. கொதிக்கவைத்தாலும் நைட்ரேட் போகாது, நீர் ஆவியாகும் அளவுக்கு அதன் செறிவு கூடவே செய்யும். சொந்தக் கிணற்று நீரைக் குடிக்கும் குடும்பத்துக்கு, ஒரு பொருள் எப்படி விளைந்தது என்ற கேள்வி தட்டோடு முடிந்துவிடுவதில்லை. (தொழுவுரத்தையும் அளவின்றி இட்டால் இதே கேடு நேரும் என்பதை இயற்கை வேளாண்மையை நேசிக்கும் நாம் மறைக்கக் கூடாது.)

கோழி வளர்ப்பில் வேறுபாடு கண்ணுக்கே தெரியும். ஐரோப்பிய ஒன்றியம் பழைய வகைக் கூண்டுகளை 2012 முதல் தடை செய்தது. அதன் பிறகு அனுமதிக்கப்பட்ட மேம்பட்ட கூண்டிலும் ஒரு முட்டைக்கோழிக்குரிய இடம் 750 சதுர சென்டிமீட்டர்தான். அங்கே திறந்தவெளிக் கோழிக்கு வெளியில் 4 சதுர மீட்டர் இருக்க வேண்டும். ஆனால் 'திறந்தவெளி' என்ற சொல் தீவனத்தைப் பற்றி எந்த உறுதியும் தராது. இயற்கை வேளாண் சான்றுதான் தீவனமும் இயற்கை முறையில் விளைந்ததாக இருக்க வேண்டும் என்று கேட்கிறது. இரண்டும் ஒன்றென்று நினைத்து வாங்குவோர் ஏமாறுகிறார்கள்.

சான்று பெறுவதற்கு ஆகும் செலவும் பதிவேட்டு வேலையும் சிறு விவசாயிகள் பலருக்குக் கட்டுப்படியாவதில்லை. அதனால்தான் விவசாயிகளே ஒருவர் நிலத்தை ஒருவர் பார்வையிட்டு உறுதியளிக்கும் பங்கேற்பு உத்தரவாத முறை பல நாடுகளில் நடைமுறைக்கு வந்தது. கிராமத்தில் வாங்குபவர் அதையே எந்தப் படிவமும் இல்லாமல் செய்கிறார். கடைசியாக எப்போது மருந்தடித்தீர்கள் என்று விளைவித்தவரின் முகத்தைப் பார்த்தே கேட்கிறார். பதில் சொல்பவருக்கும், அதே வழியாக இவர் நாளையும் நடந்துபோவார் என்பது தெரியும்.